மஞ்சளின் நிறச்சத்தும் அதைக் காக்கும் முறையும்

மஞ்சளை வாங்குவோர் விரலியை முறித்துப் பார்த்து, உள்நிறத்தைக் கொண்டு தரத்தை மதிப்பது குடியானவர் யாவரும் அறிந்ததே. அந்நிறத்தைத் தரும் வஸ்துவுக்குக் குர்குமின் என்று பெயர். 1815-ம் வருஷத்தில் வோகல், பெல்லத்தியே என்னும் இரு ரஸாயன சாஸ்திரிகள் இதை முதன்முதலாகப் பிரித்தெடுத்தார்கள். ஆரத்தி நீரில் சுண்ணாம்பு சேர்ந்ததும் சிவப்பது இச்சத்தின் குணத்தாலேயே. உலர்ந்த மஞ்சளில் 100-க்குச் சுமார் 2 முதல் 6 பங்கு வரை இது உண்டு. கோழிக்கோட்டு நறுமணப்பயிர் ஆராய்ச்சி நிலையம் வெளியிட்ட பிரபா, பிரதிபா என்னும் ரகங்களில் 6 பங்குக்கும் மேல் இருக்கிறது.

இச்சத்து வீக்கத்தைத் தணிக்கவல்லது என்று ஆராய்ச்சிச் சாலைகளில் கண்டிருக்கிறார்கள். மூட்டுவலிக்காரர் சிலருக்கு ஓரளவு நிவாரணம் கிடைத்ததாகவும் பரீக்ஷைகள் உண்டு. ஆனால் உண்ட குர்குமினில் மிகச் சொற்பமே இரத்தத்தில் சேருகிறது. மிளகிலுள்ள பைப்பரின் உடன் சேர்ந்தால் அது சுமார் 20 மடங்கு அதிகமாகச் சேருமென 1998-ல் பெங்களூர் ஆராய்ச்சியாளர் கண்டனர். ஆயினும் எந்தக் கொடிய நோயையும் இது தீர்க்குமென்று இன்றளவும் ரூபிக்கப்படவில்லை. கறியில் இடும் மஞ்சள் நன்று. குளிகையாக மிகுதியாய் உண்டு ஈரல் கெட்டவர்களும் உண்டு. ஆகையால் இதை நம்பி வைத்தியர் தரும் மருந்தை நிறுத்தலாகாது.

நிறச்சத்தைக் காப்பது குடியானவர் கையில் இருக்கிறது. இலைகள் பழுத்துக் காய்ந்தபின் வெட்டவேண்டும். வெட்டிய இரண்டு மூன்று நாட்களுக்குள், விரலியையும் கிழங்கையும் தனித்தனியே நல்ல ஜலத்தில் வேகவைக்கவேண்டும். நுரை பொங்கி, மஞ்சள் மணத்தோடு ஆவி எழும்போது, மழுங்கிய குச்சியால் குத்திப் பார்த்து, எளிதில் இறங்கினால் எடுத்துவிடலாம். இதற்கு 45 நிமிஷம் முதல் ஒரு மணி வரை பிடிக்கும். அதிகம் வெந்தால் நிறம் கெடும். குறைந்தால் விரலி நொறுங்கும். பின்பு சுத்தமான களத்தில் 2 அல்லது 3 அங்குல கனமாகப் பரப்பி உலர்த்துக. மெல்லியதாகப் பரப்பினால் வெயிலில் நிறம் மங்கும். இரவில் குவித்து மூடிவைத்தால், 10 முதல் 15 நாட்களில் உலர்ந்து, முறிக்கையில் ஓசை தரும்.

நிறம் மங்கிய சரக்குக்குச் சாயமேற்றுவது பெரும் பாதகம். வங்காள தேசத்தில் 1980-களில் வெள்ளத்தில் நனைந்து பொலிவிழந்த மஞ்சளுக்கு ஈயக் குரோமேட் என்னும் மஞ்சட்பொடி பூசும் வழக்கம் தோன்றியது. ஈயம் குழந்தைகளின் மூளை வளர்ச்சியைத் தடுக்கும் விஷம். 2019-ல் அந்நாட்டுச் சந்தைகளில் எடுத்த மாதிரிகளில் 100-க்கு 47-ல் ஈயம் காணப்பட்டது. அதிகாரிகள் சோதனையிட்டுத் தண்டித்து, ஜனங்களுக்கும் எடுத்துரைத்ததால், 2021-ல் ஒன்றிலும் அது காணப்படவில்லை. நோய் இவ்வளவு விரைவில் தீருமானால், அதைத் தொடங்கவிடாமல் தடுப்பது இன்னும் எளிதன்றோ?

சந்தேகமுள்ள விரலியைக் கண்ணாடிக் குவளையிலுள்ள ஜலத்தில் இட்டுப் பாருங்கள். உடனே ஜலத்தில் பளிச்சென்ற சாயம் இறங்குமாயின் அது பூசப்பட்டதென்று ஐயுறலாம். அச்சரக்கை உணவுப் பாதுகாப்பு அதிகாரிகளிடம் பரிசோதனைக்கு அனுப்புவதே தகும். கிராம அதிகாரிகள் மஞ்சள் மெருகிடும் இடங்களைக் கவனித்து வரவேண்டும். குடியானவர்களும் மெருகிடக் கொடுக்கையில், சாயம் எதுவும் சேர்க்கலாகாது என்று கண்டிப்பாகச் சொல்லவேண்டும். பக்குவமாய் வேகவைத்து உலர்த்திய மஞ்சளுக்கு அதன் சொந்த நிறமே போதும்.