பிள்ளைக்குப் பேச்சு வரவில்லையா? காத்திருக்க வேண்டாம்

"ஆம்பளப் பிள்ளை, லேட்டாத்தான் பேசும்." "அவங்க வாப்பாவும் நாலு வயசுலதான் பேசினாராம்." பிள்ளை இன்னும் பேசவில்லையே என்று கவலைப்படும் தாய்க்கு வீட்டில் பெரியவர்கள் சொல்லும் ஆறுதல் பெரும்பாலும் இதுதான். சில பிள்ளைகள் தாமதமாகத் தொடங்கி, தாமாகவே மற்றவர்களைப் பிடித்துவிடுவது உண்மை. ஆனால் எந்தப் பிள்ளை தானாகப் பேசும், எந்தப் பிள்ளைக்கு உதவி தேவை என்பதை நாம் வீட்டிலிருந்தே முடிவு செய்ய முடியாது. மொழியை மிக எளிதாகப் பற்றிக்கொள்வது முதல் ஐந்து வயதுக்குள்தான். காத்திருந்து இழப்பது அந்த வருடங்களைத்தான்.

எந்த வயதில் என்ன எதிர்பார்க்கலாம்?

ஒரு வயதில் பெயர் சொல்லி அழைத்தால் பிள்ளை திரும்பிப் பார்க்கும். வேண்டியதை விரலால் சுட்டிக்காட்டும். "உம்மா", "அத்தா" என ஓரிரு சொற்கள் வரும்.

இரண்டு வயதில் "பால் வேணும்", "வாப்பா வா" என்று இரண்டு சொற்களைச் சேர்த்துப் பேசும். ஏறத்தாழ 50 சொற்கள் தெரிந்திருக்கும்.

மூன்று வயதில் சிறு வாக்கியங்களாகப் பேசும். அது சொல்வதில் பெரும்பகுதி வெளியாட்களுக்கும் புரியும். நான்கு வயதில் நடந்ததைக் கதைபோலச் சொல்லும்.

சில மாதங்கள் முன்பின் ஆவது இயல்பு. ஆனால் ஒரு வயதாகியும் பெயருக்குத் திரும்பாவிட்டாலும், ஒன்றரை வயதாகியும் ஒரு சொல்கூட வராவிட்டாலும், இரண்டு வயதாகியும் சொற்களைச் சேர்க்காவிட்டாலும் மருத்துவரிடம் காட்டுங்கள். பேசிக்கொண்டிருந்த பிள்ளை பேச்சை நிறுத்திவிட்டால், எந்த வயதானாலும் உடனே காட்டுங்கள். நாக்கில் வசம்பு தேய்த்துப் பார்த்து மாதங்களைக் கடத்த வேண்டாம்.

ஒப்பிப்பது வேறு, பேசுவது வேறு

சில பிள்ளைகள் கைப்பேசியில் கேட்ட பாட்டை முழுதாகப் பாடும். ஏ, பி, சி, டி சொல்லும். சிறிய சூராக்களையும் மனனமாக ஓதும். அதனால் "நல்லாத்தானே பேசுறான்" என்று நாம் நிம்மதி அடைகிறோம். அதே பிள்ளை தாகம் எடுத்தால் "தண்ணி தா" என்று கேட்கிறதா? "உன் செருப்பு எங்கே?" என்றால் பதில் சொல்கிறதா? கேட்டதைத் திருப்பிச் சொல்வது நினைவாற்றல். தன் தேவையைச் சொல்வதும், மற்றவர் கேட்பதற்குப் பதில் தருவதும்தான் பேச்சு. நாம் கவனிக்க வேண்டியது இரண்டாவதை.

கைப்பேசியும் சாப்பாடும்

இரண்டு வயதுக்குக் குறைந்த பிள்ளைகளுக்குத் திரை வேண்டாம் என்றும், இரண்டு முதல் நான்கு வயது வரை ஒரு நாளைக்கு ஒரு மணி நேரத்துக்கு மேல் வேண்டாம், அதைவிடக் குறைந்தால் நல்லது என்றும் உலக சுகாதார நிறுவனம் 2019ஆம் ஆண்டு அறிவுறுத்தியது. கைப்பேசி ஓயாமல் பேசும். ஆனால் பிள்ளை சொல்வதைக் கேட்டுப் பதில் சொல்லாது. பிள்ளையோடு நாம் முகம் பார்த்துப் பேசக் கிடைக்கும் நல்ல நேரம் சாப்பாட்டு நேரம். அதைத்தான் கைப்பேசியிடம் கொடுத்துவிடுகிறோம்.

ஒரே நாளில் நிறுத்தினால் வீடு இரண்டாகும். முதலில் ஒரு வேளைச் சாப்பாட்டில் மட்டும் எடுத்துவிடுங்கள். இரண்டு மூன்று நாள் அழும், குறைவாகச் சாப்பிடும். நலமாக இருக்கும் பிள்ளை பசித்தால் சாப்பிடும். அந்த வேளை பழகிய பின் அடுத்த வேளைக்குப் போங்கள்.

வெளிநாட்டில் இருக்கும் அத்தாவிடம் வீடியோ அழைப்பில் பேசுவது இந்தக் கணக்கில் வராது. அங்கே பதில் சொல்ல ஒரு மனிதர் இருக்கிறார். "சாப்டியா?" என்பதோடு முடிக்காமல், பிள்ளை தன் பொம்மையைக் காட்டட்டும், அத்தா அதைப் பற்றிக் கேட்கட்டும்.

வீட்டில் செய்யக்கூடியவை

வேலை செய்துகொண்டே பேசுங்கள். வெங்காயம் உரிக்கும்போது, துணி மடிக்கும்போது, என்ன செய்கிறீர்கள் என்று சின்னச் சின்ன வாக்கியங்களில் சொல்லுங்கள்.

ஒரு கேள்வி கேட்டால் மனதுக்குள் ஐந்து எண்ணும் வரை காத்திருங்கள். நாமே பதிலையும் சொல்லிவிட்டால் பிள்ளைக்குப் பேச வேலை இல்லை.

பிள்ளை "பூனை" என்றால், "ஆமா, கறுப்புப் பூனை. பால் குடிக்குது" என்று இரண்டு சொல் சேர்த்துத் திருப்பிச் சொல்லுங்கள்.

கேட்கும் முன்பே எல்லாவற்றையும் கையில் கொடுக்காதீர்கள். "வாழைப்பழமா, பிஸ்கட்டா?" என்று கேளுங்கள்.

விருந்தாளிகள் முன் "சொல்லு, சொல்லு" என்று வற்புறுத்த வேண்டாம். மழலையைக் கேலி செய்யவும் வேண்டாம்.

இரவில் நன்னிமார் ஒரு கதை சொல்லட்டும். நேரத்தோடு தூங்க வைக்க அது உதவும். மூன்று, நான்கு வயதுப் பிள்ளைக்குப் பகல் தூக்கத்தையும் சேர்த்து 10 முதல் 13 மணி நேரத் தூக்கம் தேவை.

வீட்டில் உருது, வெளியே தமிழ் என்பதால் பிள்ளை குழம்பிப் பேசாமல் போய்விடும் என்ற அச்சம் பல குடும்பங்களில் உண்டு. இரண்டு மொழிகள் பேச்சுத் தாமதத்துக்குக் காரணம் ஆவதில்லை. உங்களுக்கு இயல்பாக வரும் மொழியில் பேசுங்கள். பிள்ளைக்குத் தெரிந்த சொற்களை எண்ணும்போது இரண்டு மொழியையும் சேர்த்து எண்ணுங்கள்.

முதலில் காதைச் சோதியுங்கள்

காது கேட்காத பிள்ளைக்குப் பேச்சு வராது. ஓரளவு மட்டும் கேட்கும் பிள்ளை சத்தத்துக்குத் திரும்பிவிடும் என்பதால் வீட்டில் கண்டுபிடிப்பது கடினம். நெருங்கிய சொந்தத்தில் மணம் முடித்தவர்களின் பிள்ளைகளுக்குப் பிறவியிலேயே கேட்கும் திறன் குறைந்திருக்கும் வாய்ப்பு கூடுதல். நம்மிடையே மாமன் மகள், மாமி மகன் திருமணங்கள் இருப்பதால் இதை மறைக்காமல் மருத்துவரிடம் சொல்லுங்கள். காதில் சீழ் வந்தால் எண்ணெய் ஊற்றாதீர்கள், மருத்துவரிடம் காட்டுங்கள்.

பிள்ளை தூங்கும்போதே வலியில்லாமல் செய்யும் 'பெரா' என்ற சோதனையில் கேட்கும் அளவு தெரிந்துவிடும். அங்கன்வாடிக்கு வரும் அரசு மருத்துவக் குழுவிடம் சொன்னால், மாவட்டத்தில் உள்ள ஆரம்பநிலை இடையீட்டு மையத்துக்கு அனுப்புவார்கள். அங்கு பரிசோதனையும் பேச்சுப் பயிற்சியும் இலவசம். செவிக்கருவி பயன்படாத அளவுக்குக் குறைபாடு இருந்தால், ஆறு வயதுக்குட்பட்ட பிள்ளைகளுக்கு முதலமைச்சரின் காப்பீட்டுத் திட்டத்தில் காக்ளியர் அறுவை சிகிச்சைக்கு வழி உண்டு. வயது கடந்துவிட்டால் இந்த வாய்ப்பும் கடந்துவிடும், பலனும் குறையும்.

காது நன்றாக இருந்தும் பிள்ளை முகம் பார்க்காமல், அழைத்தால் திரும்பாமல், தனியாகவே விளையாடினால் ஆட்டிசம் உள்ளதா என்று பார்க்கச் சொல்லுங்கள். எதுவானாலும் தாயைக் குறை சொல்வதாலோ பிள்ளையை நாலு பேர் கண்ணில் படாமல் வைப்பதாலோ பயன் இல்லை. துஆவும் செய்வோம், மருத்துவரிடமும் போவோம்.

இன்றே பிள்ளையின் பின்னால் நின்று, முகம் காட்டாமல், மெதுவான குரலில் பெயர் சொல்லிக் கூப்பிட்டுப் பாருங்கள். பல முறை கூப்பிட்டும் திரும்பவில்லை என்றால் இந்த வாரமே காட்டுங்கள். திரும்பினாலும், பேச்சு வயதுக்கு ஏற்றதாக இல்லை என்றால் சோதனையைத் தள்ளிப்போட வேண்டாம்.