கல்லாவில் பணம், கணக்கில் நஷ்டம்!

ஒருவர் 1 லட்சம் ரூபாய் முதல் போட்டு, ஏப்ரல் 1-ந் தேதி மளிகைக் கடை திறந்தார் என்று வைத்துக் கொள்வோம். வீட்டுச் செலவுக்காக அவர் கல்லாவில் கை வைக்கவில்லை.

ஓர் ஆண்டு ஓடியது. மார்ச் 31-ந் தேதி இரவு பணத்தை எண்ணினார். 1 லட்சத்து 23 ஆயிரம் ரூபாய் இருந்தது!

"23 ஆயிரம் லாபம்! உனக்கு வளையல் வாங்கலாம்" என்று மனைவியிடம் சொன்னார்.

ஆனால் கணக்கை முடித்துப் பார்த்தால், 12 ஆயிரம் ரூபாய் நஷ்டம்!

இது எப்படி? கடைக் கணக்கு ஆண்டுதோறும் ஒரு சுற்று சுற்றி வருகிறது. நாமும் கூடவே போய்ப் பார்ப்போம்.

ரசீது முதல் பேரேடு வரை

முதலில் ரசீது. வாங்கினாலும் விற்றாலும் சீட்டு வேண்டும். அதைப் பார்த்து, தேதி வாரியாகக் குறிப்பேட்டில் எழுத வேண்டும்.

எந்த வியாபாரத்துக்கும் இரண்டு பக்கம் உண்டு. மண்டியில் இருந்து கடனுக்கு அரிசி வந்தால், கொள்முதல் கணக்கில் பற்று. மண்டிக்காரர் கணக்கில் வரவு. இதுதான் இரட்டைப் பதிவு முறை. இத்தாலி நாட்டு வணிகர்கள் கையாண்ட இந்த முறையை, லூக்கா பசியோலி என்ற துறவி, 1494-ம் ஆண்டு வெனிஸ் நகரில் அச்சான தமது கணித நூலில் விளக்கினார்.

அடுத்தது பேரேடு. அதில் ஒவ்வொரு கணக்குக்கும் தனிப் பக்கம். யாருக்கு எவ்வளவு பாக்கி என்பது புரட்டினால் தெரியும்.

கூட்டல் காட்டிக் கொடுக்கும்

பேரேட்டில் உள்ள மீதிகளைப் பற்று ஒருபுறம், வரவு ஒருபுறம் எழுதிக் கூட்டுவார்கள். இதற்கு இருப்பாய்வு என்று பெயர். இரண்டு தொகையும் ஒன்றாக இருக்க வேண்டும். இல்லை என்றால் எங்கோ தவறு!

ஒன்றாக இருந்தாலும் ஏமாந்துவிடக் கூடாது. ஒரு சீட்டை அடியோடு எழுத மறந்தால், இரண்டு பக்கமும் சமமாகக் குறையும். கூட்டல் அதைக் காட்டாது.

பிறகு, விட்டுப் போனவற்றைச் சேர்க்க வேண்டும். நம் கடைக்காரர் மார்ச் மாத வாடகை 5 ஆயிரம் ரூபாயைக் கொடுக்கவில்லை. கொடுக்காவிட்டாலும் அது அந்த ஆண்டின் செலவுதான். விற்காத சரக்கையும் எண்ணி மதிப்புப் போட வேண்டும்.

லாபமா, நஷ்டமா?

இப்போது லாப நஷ்டக் கணக்கு. ஆண்டு விற்பனை 6 லட்சத்து 50 ஆயிரம். வாங்கிய சரக்கு 6 லட்சம். அதில் 70 ஆயிரம் ரூபாய்ச் சரக்கு மீதி. ஆகவே, விற்ற சரக்கின் அடக்கம் 5 லட்சத்து 30 ஆயிரம். மிச்சம் 1 லட்சத்து 20 ஆயிரம்.

ஆனால் 12 மாத வாடகை 60 ஆயிரம். வேலையாள் சம்பளமும் மின்சாரமும் 72 ஆயிரம். ஆக, 12 ஆயிரம் நஷ்டம்!

அப்படியானால் கல்லாவில் இருந்தது யார் பணம்? ஐந்தொகை அதைச் சொல்லும்.

ரொக்கம் 1 லட்சத்து 23 ஆயிரம், சரக்கு 70 ஆயிரம், வாடிக்கைக்காரர்கள் தர வேண்டியது 40 ஆயிரம். மொத்தம் 2 லட்சத்து 33 ஆயிரம். இதில் மண்டிக்காரருக்குக் கொடுக்க வேண்டியது 1 லட்சத்து 40 ஆயிரம். வாடகை பாக்கி 5 ஆயிரம். மீதி 88 ஆயிரம்தான் கடைக்காரருடையது. போட்ட முதலில் 12 ஆயிரம் கரைந்துவிட்டது!

கல்லாவை நிறைத்தது லாபம் அல்ல. மண்டிக்காரருக்குக் கொடுக்காத கடன்.

கடைசியாக, அந்த ஆண்டின் வரவு செலவுக் கணக்குகளை முடித்து, சொத்து, கடன், முதல் ஆகியவற்றின் மீதிகளைப் புது ஏட்டில் எழுதுவார்கள். ஏப்ரல் 1-ந் தேதி அடுத்த சுற்று தொடங்கும்.

வளையல் வாங்கலாம். அதற்கு முன் ஐந்தொகையைப் பாருங்கள்!