படிகம் எவ்வளவு சிறுசு?

வரிசை நடவு வயலில் வரப்பு மேல் நடந்து பாருங்கள். சில கோணத்தில் மட்டும் நாற்று வரிசைகளுக்கு நடுவே சந்து பளிச்செனத் தெரியும். குட்டை வரிசையானால் கோணம் கொஞ்சம் பிசகினாலும் சந்து தெரியும்; நீள வயலில் பிசகினால் மூடிக்கொள்ளும்.

படிகத்தின் அணுத்தளங்களும் ஏறக்குறைய அப்படித்தான். எக்ஸ் கதிர் பாய்ச்சினால் குறிப்பிட்ட கோணங்களில் முகடு எழும். படிகம் சிறுத்தால் முகடு அகலும். 1918-இல் பால் ஷெர்ரர் தந்த கணக்கு: அளவு = 0.9 × அலைநீளம் ÷ (பாதி உயரத்தில் முகட்டின் அகலம் × காஸ் தீட்டா).

1987-இல் வந்த சூப்பர் கண்டக்டர் இட்ரியம் பேரியம் காப்பர் ஆக்சைடு. சுமார் 92 கெல்வினில் மின்தடை போய்விடும். கல்பாக்கம் அணு ஆராய்ச்சி மையத்திலும் இவ்வகைப் பொருள்களை ஆராய்ந்திருக்கிறார்கள். தாமிரக் கதிரில் (0.154 நானோமீட்டர்) இதன் பெரிய முகடு, இரண்டு தீட்டா 32.8 டிகிரி அருகே வரும். அகலம் 0.3 டிகிரி என்று வைத்துக் கணக்குப் போட்டேன். விடை 0.48 நானோமீட்டர்! ஓர் அலகுக்கூட்டின் உயரமே 1.17 ஆச்சே? வீட்டில் கேட்க ஆளில்லை. இரண்டு ராத்திரி போச்சு. டிகிரியை ரேடியனாக்க மறந்திருக்கிறேன்! மாற்றினால் சுமார் 28.

கருவியே முகட்டைக் கொஞ்சம் அகலமாக்கும், அதைக் கழிக்கணும். படிகத்துக்குள் உள்ள இறுக்கமும் அகலமாக்கும். சூளையில் சுட்ட வில்லையில் மணிகள் மைக்ரோமீட்டர் கணக்கில் இருக்கும். அங்கே ஷெர்ரர் உதவாது, மைக்ராஸ்கோப்தான்.