கைக்கெட்டும் தூரம், பைக்கெட்டாத விலை

அமெரிக்க பேஸ்பால் ஸ்டேடியங்களில் ஆட்டக்காரர்களை நெருங்கி நிற்கும் உரிமை யாருக்கு? ரசிகர்களுக்கும் நிர்வாகங்களுக்கும் நடுவே நூறாண்டு இழுபறி.

மியாமி ஸ்டேடியத்தின் இடதுபுற காலரி. 2025 செப்டம்பர் 5 இரவு. ஃபிலடெல்ஃபியா ஃபில்லீஸ் அணியின் ஹாரிசன் பேடர் விளாசிய பந்து வேலியைத் தாண்டி நாற்காலிகளுக்கிடையே வந்து விழுந்தது. நாலைந்து பேர் பாய்ந்தார்கள். பந்தை எடுத்த ஒரு தந்தை, தன் இடத்துக்குத் திரும்பி அதை மகனின் கையுறைக்குள் வைத்தார். பின்னாலேயே ஒரு பெண்மணி வந்து நின்றார். பந்து தன் பக்கம்தான் விழுந்தது, தனக்குத்தான் சொந்தம் என்று கத்தினார். வம்பு வேண்டாம் என்று நினைத்த தந்தை, மகனின் கையுறையிலிருந்து பந்தை எடுத்து அவரிடமே கொடுத்துவிட்டார்.

கேமராக்கள் பார்த்துக்கொண்டிருந்தன. ஆட்டம் முடிந்ததும் பேடர் அந்தப் பையனைச் சந்தித்துத் தன் கையெழுத்திட்ட மட்டையைக் கொடுத்தார். பந்து போய் மட்டை வந்தது, பையனுக்கு லாபம்தான். ஆனால் ஊர் சும்மா விடவில்லை. அந்தப் பெண்மணி யார் என்று தேடிக் கிளம்பியவர்கள், சம்பந்தமே இல்லாத வேறு பெண்களைப் பெயர் சொல்லித் திட்டித் தீர்த்தார்கள்.

ஒரு பந்துக்கு இத்தனை ரகளையா என்று கிரிக்கெட் பார்த்து வளர்ந்தவர்களுக்குத் தோன்றும். கிரிக்கெட்டில் சிக்ஸருக்குப் பறந்த பந்து திரும்பி வந்தாக வேண்டும். பந்து பழசாவதே ஆட்டத்தின் ஒரு பகுதி. பேஸ்பாலில் பந்து லேசாக அழுக்கானாலே மாற்றிவிடுவார்கள். காலரிக்குள் போனது எடுத்தவருக்குச் சொந்தம்.

இந்த உரிமையும் சும்மா வந்ததல்ல. 1921-ல் நியூயார்க் போலோ கிரவுண்ட்ஸில் பந்தைத் திருப்பித் தர மறுத்த ஒரு ரசிகரை ஊழியர்கள் வெளியேற்றினார்கள். அவர் நியூயார்க் ஜயன்ட்ஸ் அணி மீது வழக்குப் போட்டார். கேட்டது 20,000 டாலர், கிடைத்தது 100 டாலர். அடுத்த ஆண்டு ஃபிலடெல்ஃபியாவில் 11 வயதுச் சிறுவன் ஒருவன் பந்தை வைத்துக்கொண்டதற்காக ஓர் இரவு காவலில் இருந்தான். நீதிபதி அவனை விடுவித்தார். பந்துக்காகப் பையனைப் பிடித்து அடைத்த அணி என்ற பெயரை எந்த முதலாளி விரும்புவார்? மெல்ல மெல்ல எல்லா அணிகளும் பந்தை விட்டுக்கொடுத்தன.

பந்து கிடைத்தாலும் பந்தை அடித்தவர் கிடைப்பாரா என்பது வேறு கதை. ஆட்டத்துக்கு முன்னால் நடக்கும் பேட்டிங் பயிற்சிதான் சாதாரண டிக்கெட்காரரின் பொற்காலம். கதவு திறந்ததும் ஓடிப்போய், வேலியோரம் பேனாவும் பந்துமாக நின்று, ஆட்டக்காரரைப் பெயர் சொல்லிக் கூப்பிட வேண்டும். டிக்கெட்டில் எந்த வரிசை போட்டிருந்தாலும் அந்த நேரத்தில் கீழே இறங்கலாம் என்பது பல ஊர்களில் எழுதாத சட்டமாக இருந்தது.

அதன் மேல் கை வைத்தது நியூயார்க். 2009-ல் யாங்கீஸ் அணி, 1923 முதல் ஆடிவந்த பழைய ஸ்டேடியத்தை விட்டு சுமார் 150 கோடி டாலர் செலவில் கட்டிய புதிய ஸ்டேடியத்துக்குக் குடிபுகுந்தது. ஹோம் பிளேட்டுக்குப் பின்னால், ஆட்டக்காரர்கள் வியர்வையைத் துடைப்பதுகூடத் தெரியும் தூரத்தில், மெத்தை வைத்த நாற்காலிகள். விலையில் சாப்பாடும் அடக்கம். முன்வரிசையில் ஒரு ஆட்டத்துக்கு ஒரு இருக்கை 2,500 டாலர். இந்தப் பகுதியையும் மற்ற காலரியையும் பிரிக்க ஒரு கான்கிரீட் தடுப்பு; வழியில் டிக்கெட்டைச் சரிபார்க்கக் காவலர்கள். ரசிகர்கள் அதற்கு ‘அகழி’ என்று பெயர் வைத்தார்கள். பயிற்சி நேரத்தில்கூட மற்றவர்கள் அங்கே ஏன் வரக்கூடாது என்ற கேள்விக்கு, உங்கள் வீட்டுக்குள் அடுத்தவர் நுழைந்தால் ஒப்புக்கொள்வீர்களா என்ற ரீதியில் நிர்வாகத் தரப்பிலிருந்து பதில் வந்தது. மூன்று மணி நேரத்துக்கு வாங்கிய நாற்காலி வீடாகிவிட்டது!

வந்த வேகத்தில் அடியும் விழுந்தது. பொருளாதாரச் சரிவின் உச்சத்தில் அந்த விலை கொடுக்க ஆளில்லை. பிட்சரின் எதிரே, டிவி கேமரா நாள் முழுக்கக் காட்டும் இடத்தில், நாற்காலிகள் காலியாகக் கிடந்தன. ஏப்ரல் மாதம் முடிவதற்குள் 2,500 டாலர் இருக்கை 1,250 டாலராகக் குறைந்தது.

நிர்வாகத்தின் மனோபாவம் அவ்வளவு சீக்கிரம் குறையவில்லை. 2016-ல் வீட்டிலேயே அச்சடித்துக்கொள்ளும் டிக்கெட்டுகளை யாங்கீஸ் நிறுத்தியது. மோசடியைத் தடுக்கத்தான் என்றார்கள். ஆனால் அணியின் உயர் அதிகாரி லான் டிராஸ்ட் வானொலிப் பேட்டியில் இன்னொரு காரணத்தையும் சொல்லிவிட்டார்: முழு விலை கொடுத்தவரின் பக்கத்தில், மறுவிற்பனையில் மலிவாக வாங்கியவர், அதுவும் இதுவரை பிரீமியம் இருக்கையில் உட்கார்ந்தே பழக்கமில்லாதவர் வந்து அமர்ந்தால் எரிச்சலாகத்தானே இருக்கும் என்கிற பொருளில். டிவி நையாண்டிக்காரர் ஜான் ஆலிவர் விடுவாரா? அதே உயர்விலை இருக்கைகளை வாங்கி, தலா 25 சென்ட்டுக்குக் கொடுப்பதாக அறிவித்தார். ஒரே நிபந்தனை: அப்படிப்பட்ட இருக்கையை ஆயுளில் பார்க்காதவர் மாதிரி உடுத்தி வர வேண்டும். கோமாளி வேடங்கள் முன்வரிசையை அலங்கரித்தன.

உண்மையில் இருக்கை நாகரிகத்துக்கும் டிக்கெட் விலைக்கும் சம்பந்தமே கிடையாது. பேட்டர் ஆடிக்கொண்டிருக்கும்போது எழுந்து நடக்கக்கூடாது. பல ஸ்டேடியங்களில் அவர் முறை முடியும்வரை ஊழியர்கள் நடைபாதையிலேயே நிறுத்திவைப்பார்கள். பின்னால் இருப்பவரை மறைக்கக்கூடாது. பக்கத்தில் சின்னப் பிள்ளை இருந்தால் பிடித்த பந்தைக் கொடுத்துவிடுவது மரியாதை. இவற்றை அதிகம் மீறுவது ஹோம் பிளேட்டுக்குப் பின்னால் போனைக் காதில் வைத்தபடி கேமராவுக்குக் கையாட்டும் முன்வரிசைக்காரர்தான். சிகாகோவில் வொயிட் சாக்ஸ் அணியை நடத்திய பில் வீக், இருக்கையின் விலை ஏற ஏற உட்கார்ந்திருப்பவரின் பேஸ்பால் ஞானம் இறங்கும் என்று கேலி செய்வார் என்பார்கள். அணியை விற்ற பிறகு அவர் அதே நகரின் ரிக்லி ஃபீல்டில் மலிவு காலரியில் உட்கார்ந்து ஆட்டம் பார்த்தார்.

ஆட்டக்காரர்களுக்கும் இதில் பங்கு உண்டு. 1994 ஆகஸ்டில் தொடங்கிய அவர்களுடைய வேலைநிறுத்தத்தால் அந்த ஆண்டின் வேர்ல்டு சீரிஸே ரத்தானது. 1995-ல் ஆட்டம் திரும்பியபோது ரசிகர்கள் முகம் கொடுக்கவில்லை. பால்டிமோர் ஓரியோல்ஸின் கால் ரிப்கென் ஜூனியர் ஆட்டம் முடிந்த பிறகும் வேலியோரம் நின்று கையெழுத்துப் போட்டார். செப்டம்பர் 6 அன்று தொடர்ச்சியாக 2,131-வது ஆட்டம் ஆடிச் சாதனை படைத்தபோது, சக ஆட்டக்காரர்கள் அவரை டக்அவுட்டிலிருந்து வெளியே தள்ளிவிட்டார்கள். ஆட்டம் 22 நிமிடம் நின்றது. ரிப்கென் மைதானத்தைச் சுற்றி ஓடி, எட்டிய கைகளையெல்லாம் குலுக்கினார். சங்கமும் முதலாளிகளும் வெளியிட்ட அறிக்கைகள் செய்யாததை அந்தச் சுற்று செய்தது.

கையெழுத்துக்கு மதிப்புக் கூடியதும் கள்ளக் கையெழுத்து வந்தது. சான் டியேகோவின் நட்சத்திரம் டோனி க்வின், தன் பெயரில் விற்கப்படும் கையெழுத்துகள் தன்னுடையவை அல்ல என்று கண்டுபிடித்துச் சொன்னார். எஃப்.பி.ஐ. விரித்த வலையில் பெரிய மோசடிக் கும்பல் சிக்கியது. 2001 முதல் மேஜர் லீக் அமைப்பே பொருள்களுக்கு ஹாலோகிராம் ஒட்டிச் சான்று தருகிறது. கட்டுக்கட்டாகப் பந்துகளோடு வரும் வியாபாரியைக் கண்டால் ஆட்டக்காரர்கள் முகத்தைத் திருப்பிக்கொண்டு, ஒரே ஒரு பந்தோடு நிற்கும் பிள்ளையைத் தேடுவது இதனால்தான்.

நெருக்கத்துக்கு வேறொரு விலையும் உண்டு. 2017 செப்டம்பரில் அதே யாங்கி ஸ்டேடியத்தில், மணிக்கு சுமார் 169 கி.மீ. வேகத்தில் வந்த பந்து ஒரு குழந்தையின் முகத்தில் தாக்கியது. 2018 ஆகஸ்டில் லாஸ் ஏஞ்சலஸ் டாட்ஜர் ஸ்டேடியத்தில் பந்து பட்ட 79 வயது மூதாட்டி சில நாட்களில் இறந்தார். 2019 மே மாதம் ஹூஸ்டனில் இரண்டு வயதுக் குழந்தைக்கு மண்டையோடு உடைந்தது. பந்தை அடித்த ஆல்பர்ட் அல்மோரா மைதானத்திலேயே மண்டியிட்டு அழுதார். பார்வையை மறைக்கிறது, ஆட்டக்காரரை நெருங்க முடியவில்லை என்று வலைக்கு முணுமுணுத்தவர்களில் விலையுயர்ந்த இருக்கைக்காரர்கள் அதிகம். ஆனாலும் 2018-ல் 30 அணிகளும் டக்அவுட்டின் கடைசிவரை வலை கட்டின. 2020-க்காக இன்னும் நீட்டின. கையெழுத்து வேண்டுவோர் இப்போது வலை முடியும் மூலையைத் தேடிப் போகிறார்கள். டோக்கியோ டோமில் வலையில்லாத முன்னிருக்கை வாங்கினால் ஹெல்மெட்டும் கையுறையும் சேர்த்துக் கொடுத்துவிடுகிறார்கள்.

விஷயம் தெரிந்த ரசிகர்கள் பிப்ரவரி கடைசியிலேயே ஃப்ளோரிடாவுக்கும் அரிசோனாவுக்கும் கிளம்பிவிடுகிறார்கள். சீசனுக்கு முந்தைய பயிற்சி ஆட்டங்கள் அங்கே சின்ன ஸ்டேடியங்களில் நடக்கின்றன. பல இடங்களில் வேலிக்குப் பின்னால் நாற்காலிகூடக் கிடையாது, புல்மேடுதான். போர்வையை விரித்து உட்கார்ந்துகொள்ளலாம். காலையில் பயிற்சிக்கு ஒரு திடலிலிருந்து இன்னொரு திடலுக்கு நடந்து போகும் ஆட்டக்காரர்கள், கயிற்றுக்கு இந்தப் பக்கம் பேனாவை நீட்டும் பிள்ளைகளுக்காக நிற்கிறார்கள்.