கைப்பேசிச் செய்தி காற்றில் தொலையாதது ஏன்?

மும்பை தாராவித் தொழிலாளி ஊருக்குப் பணம் அனுப்ப ஒரு காலத்தில் மணியார்டர் பாரத்துடன் தபாலாபீஸ் வரிசையில் நின்றார். இன்று மின்சார ரயிலில் நின்றபடியே கைப்பேசியில் அனுப்பிவிடுகிறார். ரயில் ஓடுகிறது, பாலமும் கட்டடமும் குறுக்கிடுகின்றன, ரேடியோ அலையில் பிழை நேர்வது சர்வ சாதாரணம். ஆயினும் செய்தி சிதையாமல் போய்ச் சேருகிறது. எப்படி?

கைப்பேசிக்கும் டவருக்கும் இடைப்பட்ட வழியைக் காவல் காப்பதற்கென்றே சில விதிமுறைகள் உண்டு. இதனை 'டேட்டா லிங்க்' அடுக்கு என்பார்கள். 2012-ல் கொல்கத்தாவில் தொடங்கி நாடெங்கும் பரவிய 4ஜி முறையில் இதற்கு மூன்று பிரிவுகள்.

முதலாவது பி.டி.சி.பி. இது செய்தியின் நீண்ட முகவரிப் பகுதியைச் சுருக்கி, பிறர் படிக்க இயலாதபடி மறைத்து, வரிசை எண் இடுகிறது.

இரண்டாவது ஆர்.எல்.சி. கிடைக்கும் இடத்துக்கு ஏற்பச் செய்தியைத் துண்டாக்கி அனுப்புகிறது. வராத எண் எது என்று மறுமுனை தெரிவித்தால், அதை மட்டும் திரும்ப அனுப்புகிறது. பேச்சுக்கு இந்தச் சலுகை கிடையாது; தாமதமாக வரும் சொல்லால் பயனில்லை அல்லவா? பேச்சு இடையிடையே விட்டுப்போவதற்கு இதுவும் ஒரு காரணம்.

மூன்றாவது மேக். எவருக்கு எப்போது இடம் என்பதை டவர் மில்லி விநாடிக்கு ஒரு முறை தீர்மானிக்கிறது. ஒவ்வொரு கட்டுடனும் 24 பிட் சோதனை எண் செல்கிறது. கணக்கு ஒத்துவராவிட்டால் சுமார் 8 மில்லி விநாடியில் மறுபிரதி வருகிறது. பழுதான முதல் பிரதியும் வீணாவதில்லை. இரண்டையும் சேர்த்தே படிக்கப்படுகிறது.

ரயில் அடுத்த டவரின் எல்லைக்குள் நுழைந்ததும், பட்டுவாடா ஆகாத பொட்டலங்களைப் பழைய டவர் புதியதிடம் ஒப்படைக்கிறது. ஒரே பொட்டலம் இருமுறை வந்தால் வரிசை எண் காட்டிக்கொடுக்கும், ஒன்று தள்ளப்படும்.

ஆனால் இந்தக் காவல் டவர் வரைதான். திரையில் வட்டம் சுழன்றுகொண்டே இருக்கிறதென்று பதறி இரண்டாம் முறை பணம் அனுப்பினால், அது புதிய செய்தி, புதிய எண். டவருக்கு அது மறுபிரதி என்று தெரியாது. இருமுறையும் பணம் போய்விடக்கூடும். ஆகவே முதலில் கணக்கைப் பார்க்க வேண்டும். பிறகே மீண்டும் அனுப்ப வேண்டும். உழைத்துச் சேர்த்த பணத்துக்கு அந்த இரண்டு நிமிடப் பொறுமையே காவல்.