ஆழத்தில் விழும் சிக்கு

மிச்சிகன் ஏரியில் ஜூலை மாதம் சால்மன் பிடிக்கப் போகிறவர்கள் மீனைத் தேடுவதற்கு முன்னால் குளிரைத் தேடுகிறார்கள். அந்த மாதத்தில் ஏரியின் மேல்நீர் 20 டிகிரி செல்சியஸைத் தொட்டுவிடும். அடியாழத்தில் கோடையிலும் 4 டிகிரிக்குப் பக்கம்தான். இரண்டுக்கும் நடுவே, சில மீட்டருக்குள் வெப்பம் சட்டென்று இறங்கும் ஓர் அடுக்கு இருக்கிறது. சினூக், கோஹோ சால்மன்களுக்குப் பிடித்த 10 முதல் 13 டிகிரி நீர் அந்த அடுக்கையொட்டித்தான் கிடைக்கும். காற்று வீசும் திசையைப் பொறுத்து அது இன்று 15 மீட்டரில் இருக்கும், நாளை 30 மீட்டருக்கு இறங்கிவிடும். போலி இரையை அந்த ஆழத்துக்கே கொண்டுபோய், மேலேயும் போகாமல் கீழேயும் போகாமல், மணிக்கு நான்கு கிலோமீட்டர் வேகத்தில் இழுத்துச் செல்ல வேண்டும்.

அதற்கான கருவிதான் டவுன்ரிக்கர். படகின் ஓரத்தில் பொருத்திய ஒரு பெரிய சக்கரம், அதில் சுற்றிய மெல்லிய எஃகுக் கம்பி, கம்பியின் நுனியில் நான்கைந்து கிலோ ஈயக்குண்டு. தூண்டில் நரம்பைக் குண்டுக்குப் பக்கத்தில் உள்ள ஒரு கிளிப்பில் கவ்வவைத்து இறக்குகிறார்கள். மீன் கடித்து இழுத்ததும் கிளிப் நரம்பை விட்டுவிடும். அதன்பின் மீனவருக்கும் மீனுக்கும் இடையே எடை எதுவும் இருக்காது.

இந்த மீன்கள் ஏரியின் சொந்தப் பிள்ளைகள் அல்ல. கடலிலிருந்து கால்வாய்கள் வழியே வந்த லாம்ப்ரே என்ற ஒட்டுண்ணி, ஏரியின் பெரிய மீன்களை இருபதாம் நூற்றாண்டின் நடுவில் அழித்தது. தின்ன ஆளில்லாமல் அலைவைஃப் என்ற சின்ன மீன் பெருகி, 1967 கோடையில் கரையெங்கும் செத்து ஒதுங்கியது. மிச்சிகன் மாநிலத்தின் மீன்வளத் துறைக்குத் தலைவராக இருந்த ஹோவர்ட் டேனர், அதற்கு முன்பே பசிபிக் கரையின் ஓரிகனிலிருந்து கோஹோ முட்டைகளை வரவழைத்திருந்தார். 1966-இல் அந்தக் குஞ்சுகள் ஆற்றில் விடப்பட்டன. மறு ஆண்டே சினூக்கும் வந்தது. அலைவைஃபைத் தின்று கொழுத்த சால்மன்களைப் பிடிக்க ஊரே ஏரிக்குத் திரண்டது. கரையில் நின்று எறியும் தூண்டில் அவை இருக்கும் ஆழத்துக்கு எட்டவில்லை. ஈயக்குண்டும் கம்பியும் அங்கே வேரூன்றியதற்கு அதுதான் காரணம்.

மிச்சிகனில் ஒருவர் மூன்று தூண்டில் போடலாம். நான்கு பேர் போகும் படகில் பன்னிரண்டு நரம்புகள் நீருக்குள் போகும். அவற்றில் நான்கைந்து ஈயக்குண்டோடு செல்லும். அத்தனையும் நான்கைந்து மீட்டர் அகலமுள்ள இடத்திலிருந்து கிளம்புகின்றன. சிக்கு விழாமல் இருந்தால்தான் வியப்பு. சிக்கு விழும்போதெல்லாம் கைப்பிசகு என்றோ கெட்ட நேரம் என்றோ சொல்லிவிடுகிறோம். இரண்டும் இல்லை என்பதே என் துணிபு. பெரும்பாலான சிக்கு, யாரும் பார்க்காத ஆழத்தில், நீரின் தடையால் விழுகிறது. அந்தத் தடையைக் கணக்கிட முடியும்.

ஒரு கணக்குப் போட்டுப் பார்ப்போம். 5.4 கிலோ ஈயக்குண்டு, நீரின் மிதப்பு போக, சுமார் 5 கிலோ எடையோடு கீழே இழுக்கிறது. அதன் விட்டம் 10 செ.மீ. கூட இல்லை. மணிக்கு 4 கி.மீ. வேகத்தில் நீர் அதன்மேல் காட்டும் தடை 220 கிராம் அளவே. கம்பியின் தடிமன் 0.8 மி.மீ. என்று வைத்துக்கொள்ளுங்கள். இவ்வளவு மெல்லிய கம்பி, 30 மீட்டர் நீளம் நீருக்குள் போகும்போது ஏற்கும் தடை சுமார் ஒன்றரைக் கிலோ. குண்டின் தடையைப்போல் ஏழு மடங்கு! கண்ணுக்குப் பெரிதாகத் தெரியும் குண்டு நீரைச் சுலபமாகப் பிளந்துகொண்டு போகிறது. பின்னே இழுபடுவது கம்பிதான்.

விளைவாக, 30 மீட்டர் ஆழத்தில் இருக்கும் குண்டு படகுக்கு நேர்கீழே தொங்குவதில்லை. சுமார் 6 மீட்டர் பின்தங்கிவிடுகிறது. 15 மீட்டரில் இருக்கும் குண்டு 2 மீட்டருக்குள்தான் பின்தங்கும். 60 மீட்டருக்கு இறக்கினால் 20 மீட்டரைத் தாண்டிவிடும். ஆழம் இரட்டித்தால் பின்னடைவு மூன்று மடங்குக்கு மேல் போகிறது. நீளும் கம்பி ஒவ்வொரு மீட்டருக்கும் தடையைக் கூட்டுகிறது, கூடிய தடை அதற்கு மேலே உள்ள கம்பி முழுவதையும் சாய்க்கிறது. வேகத்தின் கதை இன்னும் கடுமை. நீரின் தடை வேகத்தின் இருமடிக்கு ஏற்ப உயரும். வேகத்தை ஒன்றரை மடங்காக்கினால் 6 மீட்டர் பின்னடைவு 13 மீட்டர் ஆகிறது.

அந்தக் கம்பி பாடவும் செய்யும். ஓடும் நீர் கம்பியின் இரு பக்கமும் மாறி மாறிச் சுழல்களை உதிர்க்கிறது. கம்பி அதற்கேற்ப அதிர்கிறது. செக் நாட்டு இயற்பியலாளர் ஸ்ட்ரோஹால் 1878-இல் காற்றில் அதிரும் கம்பிகளை வைத்துக் கண்ட உறவை இங்கே பொருத்தினால், நம் கம்பி நொடிக்கு ஏறத்தாழ 270 முறை அதிரும். படகின் உடலில் கை வைத்தால் உணர்கிற சுருதி அது. அதிரும் கம்பி அகலமானதைப்போல் நடந்துகொள்வதால் தடையும் கூடும். ஆகவே மேலே சொன்ன எண்களைக் குறைந்தபட்சம் என்றே கொள்ள வேண்டும்.

இதிலிருந்து முதல் விதி கிடைக்கிறது: ஒரே படகில் வெவ்வேறு எடைக் குண்டுகளைக் கலக்கக் கூடாது. 5.4 கிலோவுக்குப் பக்கத்தில் 3.6 கிலோ குண்டை அதே 30 மீட்டருக்கு இறக்கினால், அது எட்டரை மீட்டர் பின்னால் போய் நிற்கும். படகில் இணையாகத் தொடங்கிய இரண்டு கம்பிகள் கீழே இரண்டரை மீட்டர் விலகி வெவ்வேறு கோணத்தில் சாய்ந்திருக்கும். படகு சற்றுத் திரும்பினாலும் ஒன்றன் நரம்பு மற்றதன் கம்பியைத் தொடும். பழைய குண்டு ஒன்று வீட்டில் கிடக்கிறதே என்று கட்டுபவர்கள் அந்தச் சிக்கனத்துக்கு இரண்டு போலி இரைகளையும் ஐம்பது மீட்டர் நரம்பையும் விலையாகக் கொடுக்கிறார்கள். எடையைக் கூட்ட முடியுமென்றால் கூட்டுவதே நல்லது. வால் துடுப்பு வைத்த குண்டுகளில் இன்னொரு கவனம் வேண்டும். துடுப்பு ஒரு பக்கம் வளைந்திருந்தால் குண்டு அந்தப் பக்கமே நீந்தும். இடது குண்டு இடதுபுறமும் வலது குண்டு வலதுபுறமும் விலகும்படி வேண்டுமென்றே வளைப்பவர்கள் உண்டு. மாற்றிக் கட்டிவிட்டால் இரண்டும் நடுவில் சந்திக்கும்.

அடுத்து, திருப்பம். தேர் வீதி முனையில் திரும்பும்போது உள்சக்கரம் ஏறக்குறைய நிற்கும், வெளிச்சக்கரம் ஓடும். படகிலும் அதுதான். இரு பக்கக் கம்பிகளுக்கும் 5 மீட்டர் இடைவெளி உள்ள படகு 30 மீட்டர் ஆர வட்டத்தில் திரும்பினால், வெளிக்கம்பியின் வேகம் உள்கம்பியைவிட 18 சதவீதம் அதிகம். வேகத்தின் இருமடி என்ற கணக்கில் தடை 40 சதவீதம் அதிகம். உள்பக்கக் குண்டு நேராகி இறங்குகிறது, அதன் இரையும் தொய்ந்து மூழ்குகிறது. வெளிக்குண்டு பின்னால் சாய்ந்து எழும்புகிறது.

பின்னே வரும் நரம்பு இன்னொரு குழப்பம் செய்யும். இழுபடும் எதுவும் திருப்பத்தில் குறுக்குவழி எடுக்கும். வளையாத கம்புகளை இழுப்பதாகக் கொண்டு கணக்கிட்டால், 40 மீட்டர் ஆர வட்டத்தில் 30 மீட்டர் பின்னால் வரும் இரை 26.5 மீட்டர் ஆர வட்டத்திலேயே ஓடும். பத்து மீட்டர் பின்னால் வருவது ஒரு மீட்டருக்குச் சற்று மேல் மட்டுமே உள்ளே வரும். ஒன்று மற்றொன்றைவிடப் பன்னிரண்டு மீட்டர் உள்வாங்கினால் இடையில் இருக்கும் அத்தனையையும் வாரிக்கொண்டு போகும். அதே இரைகள் 150 மீட்டர் ஆரத்தில் திரும்பும்போது மூன்று மீட்டர்கூட விலகுவதில்லை. நிஜ நரம்பு வளைவதால் எண்கள் மாறும், திசை மாறாது. கால் கிலோமீட்டருக்கு மேல் இடம் எடுத்துக்கொண்டு மெதுவாகத் திரும்புவதைச் சிலர் நேர விரயம் என்கிறார்கள். சிக்கெடுக்கும் அரை மணி நேரத்தை அவர்கள் கணக்கில் சேர்ப்பதில்லை.

படகு நேராகப் போனாலும் ஏரி நேராக இருக்காது. மிச்சிகன் ஏரியின் உள்ளோட்டங்களைப் பல பத்தாண்டுகள் ஆராய்ந்தவர் கிளிஃபர்ட் மார்ட்டிமர். அவர் காட்டியபடி, கோடையில் மேல்நீரும் கீழ்நீரும் ஒன்றன்மேல் ஒன்று வழுக்கி நகர்கின்றன. பூமியின் சுழற்சி அந்த நகர்வைத் திருப்புவதால், ஏறத்தாழ பதினேழு பதினெட்டு மணி நேரத்துக்கு ஒருமுறை ஓட்டத்தின் திசை ஒரு முழு வட்டம் அடிக்கிறது. மேலடுக்கு வடக்கே போகும் வேளையில் கீழடுக்கு தெற்கே போகலாம். நொடிக்கு 20 செ.மீ. குறுக்கோட்டம் கீழடுக்கில் இருந்தால், 60 மீட்டர் ஆழக் குண்டு பக்கவாட்டில் 3 மீட்டர் வரை தள்ளப்படும். மேலடுக்கில் உள்ள குண்டு அசையாது. படகின் பின்பக்கம் நின்று கம்பிகளைப் பார்த்தால் அவை இணையாக இறங்குகின்றனவா என்பது தெரியும். இணையாக இல்லையென்றால் படகின் திசையை மாற்றிப் பார்க்க வேண்டும். இந்த ஒரு பார்வையைப் பழக்கிக்கொள்வது எந்த விலையுயர்ந்த கருவியையும்விட மேல்.

இறக்கும் நேரத்துச் சிக்கு வேறு வகை. படகு ஓடிக்கொண்டிருக்கும்போதே முதலில் இரையைப் பின்னே விட்டு, அது நீரில் சரியாக ஆடுகிறதா என்று பார்த்து, பிறகே நரம்பைக் கிளிப்பில் மாட்ட வேண்டும். ரீலின்மேல் கட்டைவிரலை லேசாக அழுத்தியபடி குண்டை நிதானமாக இறக்க வேண்டும். குண்டு தடதடவென்று போனால் ரீல் தேவைக்கு மேல் சுற்றி நரம்பு தொய்யும். தொய்ந்த நரம்பு கம்பியைச் சுற்றும். கலிபோர்னியா பல்கலைக்கழகத்தின் சான் டியாகோ வளாகத்தில் டோரியன் ரேமரும் டக்ளஸ் ஸ்மித்தும் ஒரு நூலைப் பெட்டிக்குள் போட்டு உருட்டி, 2007-இல் முடிவுகளை வெளியிட்டார்கள். சில நொடிகளிலேயே முடிச்சுகள் தாமாக விழுந்தன. நூலின் நீளமும் அது புரளக் கிடைத்த இடமும் அதைத் தீர்மானித்தன. விறைப்பான நூலில் முடிச்சு குறைந்தது. நீருக்குள்ளும் இழுப்பு இருக்கும்வரை முடிச்சுக்கு வாய்ப்பில்லை. சுழலும் இரை நரம்பில் முறுக்கை ஏற்றிவைத்திருந்தால் கதை மோசம். இழுப்பு தளர்ந்த கணமே அந்த முறுக்கு சுருள் சுருளாக வெளிப்படும். மரபணு இழை தன்மேல் தானே சுருண்டுகொள்வதை விளக்கும் அதே கணிதம் இதற்கும் பொருந்தும். இரைக்கு முன்னால் மணித்தாங்கி உள்ள நல்ல ஸ்விவல் (தானே சுழலும் இணைப்பு) ஒன்று இருந்தால் முறுக்கு நரம்புக்கு ஏறாது.

நரம்புகளின் வரிசைக்குப் பல படகோட்டிகள் கைக்கொள்ளும் முறை எளிது. படகின் பின்மூலைகளில் உள்ளவை ஆழமாகவும் குண்டிலிருந்து சில மீட்டரிலேயே இரையோடும் போகும். பக்கங்களில் நீட்டிய கம்பங்களில் உள்ளவை ஆழம் குறைவாகவும் இரை நீண்டும் போகும். மேல்நீரில் படகின் இரைச்சல் மீனை விரட்டும், அதனால் அங்கே தூரம் வேண்டும். கீழே தூரம் தேவையில்லை. இந்த ஒழுங்கு நிற்பது படகு நகரும்வரைதான். மீன் மாட்டியதும் எஞ்சினை நிறுத்துவதுபோன்ற தவறு வேறில்லை. 15 மீட்டரில் 25 மீட்டர் பின்னே வந்த இரை, படகு நின்றதும் ஊசலாடி இறங்கி ஆழக் கம்பிகளுக்குள் புகுந்துவிடும். வேகத்தைச் சற்றுக் குறைத்து நேராகவே போக வேண்டும். மீன் வரும் பக்கத்துக் குண்டை ஏற்றிவிட வேண்டும். கோஹோவாக இருந்தால் கூடுதல் அவசரம். அது நரம்பில் உருண்டு உருண்டு தன்னையே சுற்றிக்கொள்ளும் மீன்.

இத்தனைக்கும் மேலே, 1980-களிலிருந்து ஏரிக்கு ஒரு புதிய குடி வந்திருக்கிறது: யூரேசியாவிலிருந்து கப்பல்களின் நிலைப்படுத்தும் நீரோடு வந்த முள்வால் நீர்த்தெள்ளு. அரை அங்குல நீளமுள்ள இந்த உயிரியின் நீண்ட வால்முள் நரம்பிலும் கம்பியிலும் கொக்கிபோட்டுப் பஞ்சுப்பொதியாகச் சேரும். மெல்லிய கம்பியின் தடைதான் எல்லாவற்றையும் தீர்மானிக்கிறது என்று பார்த்தோம். அந்தக் கம்பி பல மடங்கு தடிக்கும்போது முன்பு சொன்ன எல்லாக் கணக்கும் குலைந்துபோகும். ஒரு பக்கக் கம்பியில் அதிகம் சேர்ந்தால் எடையைக் கலந்த அதே நிலைதான். போதாததற்கு, கிளிப்பிலிருந்து விடுபட்ட நரம்பு தூண்டில் கம்பின் வளையத்தில் அந்தப் பொதியோடு சிக்கி நின்றுவிடும். மெல்லிய நரம்பில் இவை அதிகம் ஒட்டுகின்றன. தடித்த நரம்பில் குறைவு. எனவே ஆகஸ்டில் பலர் தடித்ததற்கு மாறுகிறார்கள், அவ்வப்போது கம்பியை ஏற்றித் துணியால் வழிக்கிறார்கள். வழித்ததைப் படகில் சேர்த்துவைக்கக் கூடாது. அதில் முட்டைகள் இருக்கும். நரம்பையும் கம்பியையும் வெந்நீரில் கழுவி, குறைந்தது ஐந்து நாள் காயவைத்த பிறகே அடுத்த ஏரிக்குக் கொண்டுபோக வேண்டும்.