ஹெர்மனின் இலங்கை மூலிகை ஏடுகள்

லண்டன் இயற்கை வரலாற்று அருங்காட்சியகத்தில், இலங்கையில் பறித்துப் பாடம் செய்த செடிகளும் அவற்றின் ஓவியங்களும் அடங்கிய ஐந்து பழைய தொகுதிகள் உள்ளன. அவற்றைச் சேர்த்தவர் பவுல் ஹெர்மன். ஜெர்மனியின் ஹாலே நகரில் 1646இல் பிறந்த இவர், ஒல்லாந்தக் கிழக்கிந்தியக் கம்பெனியின் மருத்துவராக 1672 முதல் 1677 வரை இலங்கையில் பணியாற்றினார்.

ஐரோப்பாவிலிருந்து கப்பலில் வந்த மருந்துகளுக்குச் செலவு அதிகம். நெடும்பயணத்தில் பல கெட்டும் போயின. அதனால் அந்தந்த மண்ணின் மூலிகைகளே கம்பெனிக்குத் தேவைப்பட்டன. ஹெர்மன் செடிகளைத் தாள்களுக்கிடையே அழுத்தி உலர்த்தி, ஏடுகளில் ஒட்டினார். சிங்களப் பெயர்களையும் கேட்டுக் குறித்துக்கொண்டார். ஒரு செடியை மற்றொன்றிலிருந்து பிரித்தறிந்து பெயர் சொன்னவர்கள் தீவின் மக்கள். செடிகளின் பெயர்கள் நிலைத்தன. சொல்லிக்கொடுத்தவர்களின் பெயர்கள் நமக்குக் கிடைக்கவில்லை. இந்தத் தொகுப்பின் பெரிய குறை இதுவே.

இலங்கையிலிருந்து திரும்பிய ஹெர்மன் லெய்டன் பல்கலைக்கழகத்தில் தாவரவியல் பேராசிரியரானார். 1695இல் அவர் இறந்தார். அவருடைய குறிப்புகளிலிருந்து 'மியூசியம் சைலானிக்கம்' என்ற பட்டியல் 1717இல் அச்சேறியது. ஏடுகளோ கண்ணில் படாமல் போயின.

நெடுங்காலம் கழித்து அவை டென்மார்க்கின் அரச மருந்தாளர் ஆகஸ்ட் குந்தரிடம் இருந்தது தெரியவந்தது. செடிகளை அடையாளம் காணும்படி அவர் 1744இல் ஸ்வீடனிலிருந்த தாவரவியலாளர் லின்னேயஸுக்கு அனுப்பினார். லின்னேயஸின் வகைப்பாடு பூவின் மகரந்தத் தாள்களையும் சூலகத் தண்டுகளையும் எண்ணிப் பார்ப்பது. எழுபது ஆண்டு காய்ந்து தாளோடு ஒட்டிய பூவில் அதைச் செய்வது எளிதல்ல. பூவில்லாத மாதிரிகள் சிலவற்றை அவரால் எந்த வகையிலும் சேர்க்க முடியவில்லை. இலங்கை மண்ணை மிதித்திராத அவர், இந்த உழைப்பின் பயனாக 1747இல் வெளியிட்ட 'ஃபுளோரா சைலானிக்கா'வில் 657 பதிவுகள் இருந்தன.

ஆறு ஆண்டுகளில், 1753இல், செடிகளுக்கு இருசொற் பெயர் சூட்டும் முறையை லின்னேயஸ் தம் பெருநூலில் நிலைநாட்டினார். இலங்கைச் செடிகள் பலவற்றுக்குப் பெயரிட அவர் சான்றாகக் கொண்டவை ஹெர்மனின் மாதிரிகளே. சுரத்துக்குக் கஷாயம் வைக்கும் சின்ன நீலப்பூச் செடியான விஷ்ணுகிராந்தியும் அவற்றில் ஒன்று. ஓர் அறிவியல் பெயர் எந்தச் செடிக்கு உரியது என்ற ஐயம் எழுந்தால், அந்தப் பெயருக்கு ஆதாரமான மாதிரியைத்தான் பார்க்க வேண்டும். ஒரே பெயரில் வேறு மூலிகை கைமாறிவிடும் மருந்துத் துறைக்கு இது மிக முக்கியம்.

ஏடுகள் பிறகு டென்மார்க்கின் மோல்ட்கே பிரபுவிடம் இருந்தன. 1793இல் ஆங்கிலேய இயற்கையியலாளர் ஜோசப் பேங்க்ஸ் அவற்றை வாங்கினார். அவர் வழியாகவே அவை லண்டன் சேர்ந்தன. இலங்கையின் பேராதனைத் தாவரவியல் பூங்காவின் இயக்குநர் ஹென்றி டிரைமன், தீவில் வளரும் செடிகளை அறிந்தவர் என்ற முறையில் இவற்றை ஆராய்ந்து, எந்த மாதிரி எந்தச் செடி என்று 1887இல் கட்டுரை வெளியிட்டார். இன்று ஏடுகளின் படங்களை இணையத்திலேயே பார்க்கலாம்.